நெல்லில் வந்த வீடும் சம்பளத்தில் போன வரியும்

சம்பளப் பட்டியல் தயாரிப்பவளுக்கு ஆண்டில் பதினொரு மாதம் நண்பர்கள் இருப்பார்கள். பிப்ரவரியில் மட்டும் ஒருவரும் இருப்பதில்லை.

மாதச் சம்பளம் வாங்கும் உங்களுக்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. குரோம்பேட்டையை அடுத்த ஒரு பம்பு உதிரிபாகத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் நான் பல ஆண்டுகள் பணியாற்றினேன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் வருவேன். கணிதத்தில் பட்டம் பெற்றவள் என்ற ஒரே தகுதிக்காக வருமான வரிக் கணக்கை என் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். வரியை விதித்தது தில்லி, பிடித்தது நான். வசவு தில்லிவரை போய்ச் சேருவதில்லை.

பிப்ரவரிக் கவர்

வரியை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் ஏப்ரலில் போய்க் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கும்: பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மழைக்கு முன் மாற்ற வேண்டிய கூரை, மைத்துனியின் கல்யாணம். அப்புறம் பிடித்துக்கொள்ளலாமே என்பார்கள். எல்லா அப்புறங்களும் ஒன்று சேர்ந்து பிப்ரவரியில் வந்து நிற்கும். ஜனவரி முடிவதற்குள் ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டுகள் எங்கள் கேன்டீன் பெஞ்சுகளில் இடம் பிடித்துவிடுவார்கள். பாலிசி எடுத்தால் வரி குறையும் என்பது அவர்களுடைய தூண்டில். எங்கள் ஸ்டோர் கீப்பர் ஆண்டு தவறாமல் அதில் மாட்டி மாட்டி, உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் போனால்தான் குடும்பத்துக்கு லாபம் என்ற நிலைக்கு வந்திருந்தார்.

டிராயிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் முதல் பிப்ரவரிக் கவரைப் பிரித்துப் பார்த்தார். ஆள் மாறிவிட்டதோ என்று கவரின் மேல் எழுதியிருந்த பெயரைப் படித்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் சம்பளம் கொடுக்கும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "பிப்ரவரில நாள்தான் கொறைச்சல்னு நெனச்சிட்டிருந்தேன் மேடம்."

ஒரே தவணை

தொழிலாளர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்களுடைய சம்பளம் வரி வரம்பைத் தொட்டதே இல்லை. தொட வைத்தது ஒரு வெற்றி. ஊதிய உயர்வு வழக்கு நீண்ட காலம் தீர்ப்பாயத்தில் கிடந்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரியில் ஒப்பந்தமாக முடிந்தது. கடந்த ஆண்டுகளுக்குரிய நிலுவையையும் தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது: பாதியை மார்ச்சில், மீதியை ஏப்ரலில்.

நிர்வாகம் தன் வசதியை எண்ணித்தான் அப்படிச் சொன்னது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தபோது அதில் தொழிலாளர்களுக்கே ஒரு நன்மை இருப்பது எனக்குத் தெரிந்தது. வரிக்குரிய ஆண்டு மார்ச்சோடு முடிகிறது. இரண்டு தவணையாக வாங்கினால் நிலுவை இரண்டு ஆண்டுகளில் விழும். ஏறக்குறைய எல்லாருமே வரம்புக்குள் இருந்துவிடுவார்கள். ஒன்றாக வாங்கினால், பல ஆண்டுகளாகக் கிடைக்காமல் போன கூலியெல்லாம் ஒரே ஆண்டின் வருமானமாகிவிடும். மூத்த தொழிலாளர்கள் அத்தனை பேரும், காகிதத்தில் மட்டும், திடீரென்று வசதி படைத்தவர்களாகிவிடுவார்கள்.

சங்கச் செயலாளர் காதர் பாயை அழைத்து இதை விளக்கினேன். லேத் பிரிவுக்காரர், பல்லாவரத்தில் வீடு, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதவர். நான் எழுதிக் காட்டியதைத் தாமே கூட்டிப் பார்த்துச் சரி என்றார். பிறகு பழைய போனஸ் ஒப்பந்தத்தை நினைவுபடுத்தினார். அதுவும் இரண்டு தவணை என்றுதான் கையெழுத்தானது. முதல் தவணை வந்தது. இரண்டாவது வர வேண்டிய மாதத்தில், ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஒரு நோட்டீஸ் வந்தது. மறுநாள் வாயிற்கூட்டத்தில் ஒரே தவணை என்ற கோரிக்கைக்கு எழுந்த கைதட்டல் என் அறைவரை கேட்டது. நிர்வாகமும் இணங்கியது. கூட்டம் கலைந்தபின், என் மனம் நோகக்கூடாது என்றோ என்னவோ, காதர் பாய் தாமே வந்து சொன்னார்: "ரெண்டாவது தவணைய நம்பி நிக்கறதுக்கு, சர்க்காருக்குக் கொஞ்சம் குடுத்துட்டே போய்டலாம்க்கா. அவன் எடுக்கறதையாவது சொல்லிட்டு எடுக்கறான்."

படப்பைக்காரர்

அந்த நிலுவையை மற்ற எவரையும்விடப் பதற்றத்தோடு எதிர்பார்த்தவர் மெஷின் ஷாப் ஃபோர்மன் டேனியல். சேலையூரில் ஓர் ஓட்டு வீட்டில் மனைவி எஸ்தரோடும் இரண்டு பெண்களோடும் நெடுநாளாக வாடகைக்கு இருந்தார். வீட்டின் சொந்தக்காரர் படப்பை ஏகாம்பரம் அதை விற்க முடிவு செய்து, குடியிருப்பவர் என்பதால் டேனியலையே முதலில் கேட்டார். டேனியல் தம் சேமிப்பு முழுவதையும் அட்வான்ஸாகக் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். மார்ச் முடிவதற்குள் பதிவு செய்யாவிட்டால் ஒப்பந்தம் ரத்து; அட்வான்ஸ் திரும்பி வராது. நிலுவையும், எங்கள் தொழிலாளர் கடன் சங்கத்தின் கடனும் சேர்ந்தால் வீடு கைக்கு வந்துவிடும் என்பது அவர் போட்ட திட்டம். அதில் அவர் வருமான வரிக்கு இடம் வைக்கவில்லை. அதுவரை அதைக் கட்டியதே இல்லாதவருக்கு அது எப்படித் தோன்றும்?

நிலுவை உண்மைதானா என்று விசாரிக்க ஏகாம்பரமே ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம், எவரையும் வசப்படுத்தும் சிரிப்பு. நிலத்தோடு ஓர் அரிசி ஆலையும், லாரிகளும், வாலாஜாபாத் சாலையில் வரிசையாகக் கடைகளும் தமக்கு உண்டு என்பதைப் பேச்சோடு பேச்சாகத் தெரிவித்தார். டேனியலிடம் எவ்வளவு வரி பிடிப்பேன் என்று கேட்டார். தோராயமாகச் சொன்னேன். அவருக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. பாடுபட்டுச் சாப்பிடுகிறவனிடம் இவ்வளவா எடுப்பார்கள் என்று உச்சுக்கொட்டினார். ஐயா எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று நான் கேட்டது மரியாதைக் குறைவுதான். அவர் அதைக் கொஞ்சமும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "நெல்லுக்கு அந்த வரி கெடையாதேம்மா. அதனால எங்க வூட்ல எது வந்தாலும் நெல்லுல வந்ததுதான்."

பாதி விலை

பத்திரத்தில் பாதி விலையைத்தான் எழுதுவது என்பது ஏகாம்பரத்தின் நிபந்தனை. மறுபாதி ரொக்கமாக, பேச்சில்லாமல் கைமாற வேண்டும். வீட்டை விற்ற லாபத்தை நெல் என்று சொல்ல முடியாதல்லவா? ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று டேனியலும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கடன் சங்கத்தில் விண்ணப்பம் கொடுத்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. சங்கம் பத்திர விலையைப் பார்த்துக் கடன் தரும். பத்திரம் பாதியானால் கடனும் பாதி.

படப்பைக்குப் பஸ் ஏறிப் போய், முழு விலையையும் எழுதித் தரும்படி கேட்டார் டேனியல். எழுதலாம், அதனால் வரும் வரியை நீயே கட்டிவிடு என்று சிரித்துக்கொண்டே மோர் கொடுத்து அனுப்பிவிட்டார் ஏகாம்பரம். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் டேனியல் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பத்திரத்துக்கு வெளியே கொடுக்கும் பணத்தை மற்றவர்கள் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று, ஓர் இயந்திரத்தின் கோளாறை விசாரிக்கும் குரலில் கேட்டார். கணக்கில் காட்டாத பணம் வைத்திருப்பார்கள் என்றேன். "எங்கிட்ட இருக்கற பணம் பூரா உங்க கையால குடுத்ததுதானே மேடம். நீங்க எழுதாத பணம் எங்கிட்ட ஏது?"

ஆடிட்டரின் யோசனை

கடன் குறைந்ததால் விழுந்த பள்ளத்தை அவர்கள் எப்படியோ அடைத்தார்கள். எஸ்தரின் வளையல்களும் சங்கிலியும் போயின. தள்ளுபடி எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்று ஓர் ஏலச் சீட்டையும் எடுத்தார்கள். இனி நிலுவை குறையாமல் வந்தால் வீடு வரும். வரி பிடித்தால் வராது. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதும் மனம் அவருடைய வரியைத்தான் திரும்பத் திரும்பக் கணக்கிட்டது. எங்காவது ஒரு பிழை அகப்பட்டு, தொகை குறையாதா என்று பார்த்தேன். குறையவில்லை.

எங்கள் தொழிற்சாலை ஒரு குடும்பத்தின் கூட்டு வியாபாரம். மார்ச் மாதத்தில் அதன் ஆடிட்டர் வந்து சில நாட்கள் மாடியறையில் இருப்பார். அவரிடம் டேனியலின் நிலைமையைச் சொன்னேன். நல்ல மனிதர், உடனே புத்தகத்தைப் புரட்டி, பல ஆண்டு நிலுவை ஒரே ஆண்டில் வந்தால் அதைப் பிரித்துப் பார்த்துச் சலுகை தர வருமான வரி அதிகாரிக்கு இடமுண்டு என்று காட்டினார். ஆனால் அதை நாங்களாகச் செய்துகொள்ள முடியாது. அதிகாரிதான் தர வேண்டும். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் தம் முன்னால் இருந்த பங்குதாரர் பத்திரத்தில் முதலாளியின் பேரனுடைய பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைக்கு அப்போதுதான் பெயர் சூட்டு விழா முடிந்து, அலுவலகம் முழுவதற்கும் லட்டு வந்திருந்தது. மனைவி, தாயார், மகன்கள், மருமகள்கள் ஆகியோருக்குப் பிறகு லாபத்தில் அதற்கும் ஒரு பங்கு. லாபத்தை இத்தனை பேருக்குப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் வரி சொற்பமாகிவிடும். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி விளக்கம் சொன்னார்: "குடும்பக் கட்டுப்பாடெல்லாம் நம்ம மாதிரி சம்பளக்காரங்களுக்கும்மா. இங்க ஆள் கூடக் கூட வரி கொறையும்."

முதலில் கட்டுங்கள்

மேனேஜரிடம் போய், டேனியல் ஒருவருக்கு மட்டும் வரியைப் பிறகு பிடிக்கலாமா என்று கேட்டேன். பிடிக்காமல் விட்டால் அபராதம் தம் பெயருக்கு வரும் என்றும், தம் பெயருக்கு வந்தது என் பெயரைத் தாண்டிப் போகாது என்றும் அவர் சொன்னார். அது மிரட்டல் அல்ல, உண்மை. ஆகவே விடுப்பு எடுத்துக்கொண்டு, டேனியலையும் அழைத்துக்கொண்டு நகரத்திலிருந்த வரி அலுவலகத்துக்குப் போனேன். ஞாயிறு ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையையும் கறுப்புக் காலணியையும் அணிந்து வந்திருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. சட்டை கசங்கிவிடும் என்றார்.

அதிகாரி என்னைவிட இளையவர். மனுவை முழுவதும் படித்தார். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்பதை எங்களுக்கு முன் அவரே சொன்னார். ஆனால் ஆண்டு முடிய வேண்டும், கணக்குத் தாக்கலாக வேண்டும், அதைப் பரிசீலித்த பிறகுதான் சலுகை. பணம் அதற்கும் பிறகு. எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். சுவர் முழுவதும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த கோப்புகளை அவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் காட்ட ஒரு கடிதமாவது கிடைக்குமா என்றார் டேனியல். அப்படிக் கடிதம் தர வழியில்லை. எங்களை வெறுங்கையோடு அனுப்ப அந்த அதிகாரிக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும், வாசல்வரை வந்து தைரியம் சொன்னார்: "சலுகை உங்களுக்குக் கட்டாயம் உண்டுங்க, சந்தேகமே வேண்டாம். முதல்ல கட்டிடுங்க, அப்புறம் குடுத்துடுவோம்."

நிலுவை நாள்

நிலுவை கொடுத்த நாளன்று வரிசை வாயில்வரை நீண்டது. கைதட்டி வாங்கிய பணம் ஆதலால் ஆரம்பத்தில் ஒரே சிரிப்பாக இருந்தது. கவரைப் பிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சடங்கினார்கள். ஒரு ஃபிட்டர் மட்டும், மகனுக்குப் பெண் பார்க்கும் இடத்தில் தாம் வருமான வரி கட்டுகிறவர் என்று இனிமேல் சொல்லிக்கொள்ளலாமா என்று ஆர்வமாகக் கேட்டார். தாராளமாகச் சொல்லலாம் என்றேன். அன்று நான் ஒருவரையாவது திருப்தியாக அனுப்பினேன். டேனியல் வந்தார். கையெழுத்துப் போட்டார். பிரித்துப் பார்க்காமலே கவரை வாங்கிக்கொண்டு போனார். பார்த்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

கடைசியாக வந்தவர் காதர் பாய். என் பேச்சைப் பொய் என்று தாம் ஒருபோதும் நினைக்கவில்லை என்றும், எனக்குப் பின்னால் அறைக்குள் உட்கார்ந்திருந்த நிர்வாகத்தைத்தான் நம்பவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். டேனியலின் மனு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அதிகாரி சொன்னதை அப்படியே சொன்னேன்: இப்போது முழுவதும் கட்ட வேண்டும், மிகுதியைப் பின்னால் தருவார்கள். காதர் பாய் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப சர்க்காரும் ரெண்டு தவணைதானாக்கா?"

எஸ்தர் வந்தது

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும் எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை வாசலில் பார்த்ததும் பயந்துவிட்டேன்; வரி பிடித்தவள் நான்தானே? அவர் குற்றம் சொல்ல வரவில்லை. பெண்கள் இருவரும் பெரியவர்களாகிவிட்டார்கள், புது ஆள் வீட்டை வாங்கிக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்பதுதான் அவருடைய கவலை. நானும் என் கணவரும் ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்து வந்து அவர் முன் வைத்தேன். அது போதாது என்பது இருவருக்கும் தெரியும். என் பிப்ரவரிக் கவரும் மற்றவர்களுடையதைப் போன்றதுதான். அவர் அதை என் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு, காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். என்னைக் கேட்டாரா, தம்மையே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை: "இத்தன வருஷம் வாடக குடுத்துட்டிருந்தோம், யாரும் எங்கள ஒண்ணும் கேக்கல. சொந்தமா ஒரு வீடுன்னு நெனச்சதும் கேக்கறாங்களேம்மா."

ரசீது

மார்ச் முடிந்தது, பதிவு நடக்கவில்லை. ஏகாம்பரம் ஒரு வாரத் தவணைகூடத் தர மறுத்தார். ஆனால் அவரை இரக்கமற்றவர் என்று சொல்ல முடியாது. அட்வான்ஸை முழுதாக விழுங்கிவிடாமல், பாதியை வாடகை முன்பணமாக வைத்துக்கொண்டார். விற்கும் எண்ணத்தைக் கைவிட்டு, டேனியல் குடும்பத்தையே அங்கு இருக்கச் சொன்னார். வாடகையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார். தெருவில் அவருக்கு நல்ல பெயர்.

அடுத்த பிப்ரவரியும் வந்தது. வரி அலுவலகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது. திருப்பித் தர வேண்டிய தொகை அந்த மாதந்தான் வந்தது. அதற்குள் சேலையூரில் மனை விலை அந்தத் தொகையைப் பார்த்துச் சிரிக்கும் உயரத்துக்குப் போயிருந்தது. புதிய ஒப்பந்தத்தால் டேனியலின் சம்பளம் வரி வரம்பைச் சற்றே தாண்டி நின்றது. கவலைப்பட வேண்டாம், வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு உண்டு, வாடகை ரசீதைக் கொண்டுவந்தால் வரம்புக்குள் வந்துவிடலாம் என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். ரெவின்யூ ஸ்டாம்ப்பும் கையுமாக அவர் படப்பைக்குப் போனார். ரசீது கொடுத்தால் வாடகை தமக்கு வருமானமாகிவிடும் என்றார் ஏகாம்பரம்; ரசீது கொடுக்கும் வீடாகப் பார்த்துப் போவதானால் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொன்னார்.

வெறுங்கையோடு திரும்பிய டேனியலிடம், வேறு வழியின்றி, அந்த ஆண்டும் வரி பிடித்தேன். அவர் கோபப்படவில்லை. நான் நீட்டிய கணக்குத் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். கீழே மிச்சமிருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். "ஏகாம்பரம் ஐயாவோட வரியயும் சேத்து நான்தான் கட்றேன்னு இங்க எங்கயாவது எழுதிக்கலாமா மேடம்?"

வருமான வரி உயரத்தில் இருப்பவரைச் சற்று இறக்கித் தாழ்விலிருப்பவரைச் சற்று ஏற்றும் என்று பாடமாகப் படித்துவிட்டு வந்தவள் நான். என் ஜன்னலிலிருந்து பார்த்தவரையில், அது கண்ணில் பட்டவரைப் பிடித்து, படாதவர் வீட்டில் வாடகைக்கு இருத்தியதோடு தன் கடமையை முடித்துக்கொண்டது.